அது என் எழுத்து, சார்

மக்கா,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. பூனாவில் மழை விடவில்லை என்றும், மெஸ் சாப்பாட்டில் தேங்காயைக் கண்ணால் பார்க்க முடியவில்லை என்றும் எழுதியிருந்தாய். அதற்கெல்லாம் அப்பா தனியாகப் பதில் எழுதுவார். கடைசிப் பக்கத்தில் போகிற போக்கில் நீ எழுதியிருந்த விஷயத்துக்குத்தான் நான் உட்கார்ந்திருக்கிறேன். நீ வரைந்த டிராயிங்கில் 35 என்று போட்டிருந்த அளவை மெஷின் ஷாப்பில் 85 என்று வாசித்துத் துளை போட்டுவிட்டார்கள். இரும்பு வீணாயிற்று. வாசித்த ஆளை சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் நிறுத்தி வைத்துத் திட்டினார். நீ பேசாமல் உன் மேஜைக்குத் திரும்பிவிட்டாய். இதை எழுதிவிட்டு அடுத்த வரியிலேயே, லெட்டரிங்குக்கு ஒரு ஸ்டென்சில் செட் வாங்கலாமா அம்மா என்று கேட்டிருக்கிறாய்.

வாங்கு. நான் கையால் எழுதிப் பழகியவள் என்பதால் ஸ்டென்சிலைக் குறைத்துப் பேச மாட்டேன். எங்கள் ஆபீஸில் அப்போது அது இருந்திருந்தால் என் கழுத்து வலி பாதி குறைந்திருக்கும். ஆனால் ஒன்று, ஸ்டென்சில் எழுத்தைத்தான் போட்டுத் தரும். எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவில் விட வேண்டிய இடத்தை உன் கண்தான் விட வேண்டும். அளவுகோல் வைத்து ஒரே அளவு இடம் விட்டாயானால் A-யும் V-யும் பக்கத்தில் வரும்போது பள்ளமாகத் தெரியும், H-ம் I-யும் வரும்போது நெருங்கி நிற்கும். வட்டமான எழுத்துகளை நெருக்கி வை, நிமிர்ந்த எழுத்துகளைக் கொஞ்சம் தள்ளி வை. எழுதி முடித்ததும் தாளைத் தலைகீழாகத் திருப்பிப் பார். வாசிக்க முடியாதபோதுதான் இடைவெளி கண்ணில் படும்.

உன் மூன்றைப் பற்றி. உன் கடிதத்திலேயே பார்த்தேன், நீ மூன்றின் மேல் வளைவை உள்ளே இழுத்து முடிக்கிறாய். பேனாவில் மை சற்றுக் கூடினாலே அதன் வாய் மூடிக்கொள்ளும். பிரிண்ட் எடுக்கும்போது இன்னும் கொஞ்சம் தடிக்கும். அப்புறம் அது எட்டுதான். மூன்றின் இரண்டு வாயும் திறந்திருக்கட்டும், மேல் வளைவு கீழ் வளைவைவிடச் சிறிதாக இருக்கட்டும். நிப்பில் மை நிரப்பியதும் நேராக டிராயிங்குக்குப் போகாதே, பக்கத்தில் ஒரு துண்டுத் தாளில் ஒரு கோடு இழுத்துப் பார். மேலே ஒன்று, கீழே ஒன்று கெட்டிப் பென்சிலால் கோடு போடாமல் ஒரு எண்கூட எழுதாதே. எல்லாக் கோட்டையும் மேலிருந்து கீழே, இடமிருந்து வலம் இழு. கையை அழுத்தாதே, அழுத்தினால் நிப்பு விரியும். உள்ளங்கைக்கு அடியில் ஒரு ஒற்றுத்தாள் வைத்துக்கொள், பூனாவில் வியர்க்காவிட்டாலும்.

எனக்கு இதையெல்லாம் திருத்தியவர் கேசவன் சார். நெய்யாற்றங்கரையில் நான் வேலை பார்த்த ஆபீஸின் ஹெட் டிராஃப்ட்ஸ்மேன். வாய்க்காலும் மதகும் வரைகிற ஆபீஸ் அது. நான் அங்கே ட்ரேசர். அவர் பென்சிலில் வரைந்ததன் மேல் மெழுகு பூசினது போன்ற ட்ரேசிங் துணியை விரித்து, சுண்ணப் பொடியைத் தேய்த்துத் துடைத்து, மையில் எடுப்பது என் வேலை. மலையாளமும் தமிழும் கலந்து பேசுவார், சிரிக்க மாட்டார். முதல் மாதத்தில் ஒரு கொத்தனார் என் ஒன்றை ஏழு என்று வாசித்துவிட்டுக் கேட்க வந்தபோது நான் அந்த மனிதரிடம் சிடுசிடுத்தேன். கேசவன் சார் என்னைக் கூப்பிட்டார். “குட்டி, வாசிக்கிறவனைக் குற்றம் சொல்லப்படாது. அவன் தப்பா வாசிச்சா நீ தப்பா எழுதீன்னு அர்த்தம்,” என்றார். அவ்வளவுதான். பிளேடால் சுரண்டி, நகத்தால் அந்த இடத்தை மெருகேற்றி, ஒன்றைத் திரும்ப எழுதினேன்.

அந்த வருஷங்களில்தான் எல்லைப் போராட்டம் நடந்தது. மொழி பார்த்து மாநிலங்களைப் பிரிக்கப் போகிறார்கள், மலையாள ராஜ்யத்தின் தெற்கே தமிழ் பேசுகிற தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர வேண்டும் என்று ஒரு பக்கம், கூடாது என்று ஒரு பக்கம். விளவங்கோட்டிலும் கல்குளத்திலும் ஊர்வலம், கைது என்று தினமும் ஒரு செய்தி வரும். நாங்கள் இருந்தது பாறசாலைக்குத் தெற்கே, நெய்யாற்றங்கரை தாலுகாவில். வீட்டில் தமிழ், சந்தையில் மலையாளம், சபையில் தமிழ்ப் பாட்டு. ஒரு வாக்கியத்தைத் தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடிப்போம், யாரும் அதைக் கவனித்ததில்லை. திடீரென்று எல்லாரும் கவனிக்கத் தொடங்கினார்கள். கடையில் உப்பு கேட்டால்கூட எந்த மொழியில் கேட்டாள் என்று திரும்பிப் பார்த்தார்கள்.

உன் மாமன் தேவதாசன் அப்போது பாறசாலையில் சைக்கிள் கடை வைத்திருந்தார். போராட்டத்தில் முழுதாக இறங்கியிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும், ஒரு கட்டு வெள்ளைத் தாளை என் முன்னால் வைத்தார்.

“எட்டி, நாங்க எழுதினா சண்டைக்குக் கூப்பிட்டது போல இருக்கு. நீ எழுதினா நாலு பேரு நின்னு வாசிப்பான். எழுதித் தா.”

“நான் சர்க்கார் சம்பளம் வாங்குறவளாக்கும்.”

“ஊர்வலத்துக்கா கூப்பிட்டேன்? எழுதத்தானே சொல்லுதேன்.”

என்ன எழுத வேண்டும் என்று கேட்டேன். ‘எங்கள் ஊர் எங்கே சேர வேண்டும் என்று எங்களையும் கேளுங்கள்.’ வாசகத்தில் யாரையும் வைதிருக்கவில்லை. எனக்கு அது நியாயமாகப் பட்டது. அண்ணன் வற்புறுத்தினார் என்று பிற்பாடு சிலர் சொன்னார்கள். அது சரியில்லை. நான் யோசித்து, சரி என்று பட்டுத்தான் எழுதினேன்.

தமிழைப் பெரிய எழுத்தில் எழுத எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. இங்கிலீஷ் கேபிடல் எழுத்துக்கு இரண்டு கோடு போதும். தமிழுக்கு நாலு வேண்டும் என்று எழுதிப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். எழுத்தின் உடம்புக்கு நடுவில் இரண்டு, மேலே கொம்புபோல வளைகிற ‘கி’, ‘ரி’க்கு ஒன்று, கீழே இறங்குகிற ‘ரு’, ‘மு’வுக்கு ஒன்று. மூங்கிலைத் தட்டையாகச் சீவி அதையே பேனாவாக்கினேன். சுழிகளை முட்டை வடிவத்தில் விடாமல் வட்டமாகப் போட்டேன், படுக்கைக் கோடுகளை ஆபீஸில் செய்வதுபோல நேராக வெட்டி நிறுத்தினேன். மையும் தாளும் அண்ணன் வாங்கியவை, ஆபீஸ் பொருள் எதையும் தொடவில்லை. பாறசாலை சந்தையிலும் நெய்யாற்றங்கரை பஸ் நிற்கிற இடத்திலும் அவற்றை ஒட்டினார்கள். ஓடுகிற பஸ்ஸிலிருந்தே வாசிக்க முடிந்தது. நான் வேலைக்குப் போகும்போது நானும் ஒரு தடவை ஜன்னல் வழியாக வாசித்தேன். ‘கேளுங்கள்’ என்பதில் இடைவெளி கொஞ்சம் கூடியிருந்தது.

பிறகு ஒரு நாள் காலை போலீஸ் இன்ஸ்பெக்டர் ஒருவர் எங்கள் ஆபீஸுக்கு வந்தார். சுவரிலிருந்து கிழிக்காமல் நனைத்து உரித்தெடுத்த ஒரு போஸ்டரை கேசவன் சாரின் மேஜையில் விரித்தார். எழுத்தை அல்ல, எழுத்துக்கு அடியில் மங்கலாகத் தெரிந்த பென்சில் கோடுகளைக் காட்டினார். “சுவரில் ஒட்டப் போற காகிதத்துக்கு ஆராவது கோடு போடுவானா? டிராயிங் ஆபீஸில் இருக்கிறவன்தான் போடுவான்,” என்றார். புத்திசாலி. ஆபீஸில் தமிழ் எழுதத் தெரிந்தவர்கள் யார் என்று கேட்டார். நானும் தங்கப்பனும்தான். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. நேராகத் தங்கப்பனிடம் போனார்.

தங்கப்பனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெருங்கடவிளைக்காரன், என்னைப்போலவே ட்ரேசர், வீட்டில் தமிழ் பேசுகிறவன். ஆனால் போராட்டம் அவனுக்குப் பிடிக்காது. “என் நிலம் பெருங்கடவிளையில, என் வேலை நெய்யாற்றங்கரையில. நான் எதுக்கு மெட்ராசுக்குப் போணும்?” என்று டீ குடிக்கும்போது உரக்கச் சொல்லுவான். எனக்கும் அவனுக்கும் இதில் வாக்குவாதம் உண்டு. அவனை அந்த வாசகத்தை எழுதச் சொன்னார்கள். எழுதினான். பயத்தில் எழுத்து கோணியது. வேண்டுமென்றே மாற்றி எழுதுகிறான் என்று இன்ஸ்பெக்டர் கன்னத்தில் ஒன்று வைத்தார். தங்கப்பன் யாரையும் பார்க்காமல், “நான் அந்தக் கூட்டமே இல்ல சார், எல்லாருக்கும் தெரியும்,” என்றான். கையைப் பிடித்து எழுப்பினார்கள்.

நான் எழுந்தேன். தைரியம் என்று நினைத்துக்கொள்ளாதே. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். தான் நம்பாத ஒரு வாசகத்துக்காக ஒருவன் அடி வாங்குகிறான், அந்த வாசகத்தை நம்பி எழுதியவள் உட்கார்ந்திருக்கிறாள். மனசில் அது மட்டும்தான் இருந்தது.

“அது என் எழுத்து, சார்.”

இன்ஸ்பெக்டர் சிரித்தார். “இவனைக் காப்பாத்த நோக்குறியா, குட்டி?”

“இல்ல சார். அவன் எழுத்து வேற, என் எழுத்து வேற.”

“எந்நால் சரி, எழுதிக் காட்டு.”

தாள் கொண்டுவந்தார்கள். கெட்டிப் பென்சிலைச் சீவினேன். டி-ஸ்கொயரை வைத்து நாலு கோடு இழுத்தேன். இழுக்கும்போதே இன்ஸ்பெக்டர் சிரிப்பை நிறுத்திவிட்டார். மூங்கில் பேனா இல்லை. ஆபீஸில் தலைப்பு எழுதுகிற அகல நிப்பை எடுத்து, மை நிரப்பி, ஓரத்தாளில் ஒரு கோடு இழுத்துப் பார்த்துவிட்டு, எழுத ஆரம்பித்தேன். கோணலாக எழுதினால் நான் தப்பிக்கலாம், தங்கப்பன் போவான். அந்த எண்ணம் எனக்கு வந்தது, வரவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் முதல் எழுத்தை எழுதி முடித்ததும் கை தானாகப் போகத் தொடங்கியது. ஆபீஸ் முழுக்க நின்று பார்த்தது. முடித்ததும் இன்ஸ்பெக்டர் இரண்டு தாளையும் கேசவன் சார் முன்னால் தள்ளினார். “நிங்கள் பறயணும். ஒரே கையா?”

கேசவன் சார் லென்ஸை எடுத்து வைத்துப் பார்த்தார். அவருக்குப் போராட்டம் துளியும் பிடிக்காது. அது எல்லாருக்கும் தெரியும். என்மேல் அவருக்குக் கொஞ்சம் மதிப்பு உண்டு, அதுவும் தெரியும். ‘ங்’கின் மேல் லென்ஸ் வெகுநேரம் நின்றது.

“ஒரே கை,” என்றார்.

தங்கப்பனை விட்டார்கள். என்னை ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனார்கள். கேசவன் சாரும் குடையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தார். உள்ளே வரவில்லை. சாயங்காலம் என் வாக்குமூலத்தை வாங்கி என்னை வெளியே விடும்வரை வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என்னை பஸ் ஏற்றிவிடும்போது ஒரே ஒரு வாக்கியம் சொன்னார், “நாளை வரண்டா.” நாளை வர வேண்டாம். ஆபீஸ் உத்தரவு அதற்குப் பிறகுதான் தபாலில் வந்தது.

யார் எழுதச் சொன்னது என்று ஸ்டேஷனில் கேட்டார்கள். யாரும் சொல்லவில்லை, நானே எழுதினேன் என்றேன். ஆனால் ஒரு பெண் எழுதினால் அவள் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பதற்கு இன்ஸ்பெக்டர் புத்திசாலியாக இருக்க வேண்டியதில்லை. மறுநாள் விடியும்போது அண்ணனைக் கடையிலிருந்து கொண்டுபோனார்கள். திரும்பி வந்தபோது இடது முழங்காலை மடக்க முடியவில்லை. மாமன் ஏன் சைக்கிளில் ஏறுவதே இல்லை என்று சின்னப் பிள்ளையில் நீ கேட்டிருக்கிறாய். அன்று சும்மா இருந்துவிட்டேன், இன்று சொல்லுகிறேன்.

அண்ணன் வந்த அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்தார். நான் சோறு வைத்தேன்.

“தங்கப்பன் ரெண்டு நாள் இருந்திட்டு வந்திருப்பான்,” என்றார். “ஆம்பிளை. கூட்டத்தோட சம்பந்தமும் இல்ல, அவனை என்ன செய்ய முடியும்? நீ எதுக்கு எழும்பினே?”

“அது அவன் எழுத்து இல்ல.”

“உனக்கு எழுத்துதான் பெருசு. சொந்த அண்ணன் இல்ல.”

“நான் உங்க பேரைச் சொல்லல்ல.”

“சொல்லவா வேணும்?”

அவர் எழுந்து கை கழுவினார். கடைசியில் எல்லைக்கோடு களியக்காவிளையில் விழுந்தது. விளவங்கோடு சென்னை மாநிலத்தோடு போயிற்று, பாறசாலையும் நெய்யாற்றங்கரையும் இந்த மலையாளப் பக்கமே நின்றன. அண்ணன் கடையை ஏறக்கட்டிக்கொண்டு எல்லைக்கு அந்தப் பக்கம் குழித்துறைக்குப் போனார். இந்தப் பக்கம் கால் வைக்க மாட்டேன் என்று சொன்னார். வைக்கவும் இல்லை, என் கல்யாணத்துக்குக்கூட.

இப்போது உன் முப்பத்தைந்துக்கு வருகிறேன். திட்டு வாங்கிய அந்த மனிதரின் பெயரைக்கூட நீ எழுதவில்லை. இது கிடைத்த மறுநாள் மெஷின் ஷாப்புக்குப் போ. சூப்பர்வைசர் இருக்கும்போது போ. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போய், இது என் மூன்று, வாய் மூடிவிட்டது, இவர் வாசித்ததில் தப்பில்லை என்று சொல். சொன்னால் எல்லாம் நல்லபடியாக முடியும் என்று உனக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன். எனக்கு வேலை போயிற்று. திருப்புறம் ஊரில் பேசி முடித்திருந்த கல்யாணச் சம்பந்தம், ஸ்டேஷன் படி ஏறிய பெண் என்று கலைந்தது. தங்கப்பனும் நன்றி என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. எதிரே வந்தால் ரோட்டின் மறுபக்கம் போனான். எல்லார் முன்னாலும் அடி வாங்கியதைப் பார்த்தவள் நான், அந்த வெட்கம் அவனுக்கு. அவனை நேசித்ததால்தான் நான் எழுந்தேன் என்று ஊரில் பேசினார்கள். உன் அப்பாகூடக் கல்யாணத்துக்கு முன்னால் ஒரு தடவை கேட்டார். இல்லை என்றேன். “அப்ப சரி,” என்றார். கோட்டுகால் பள்ளியில் கணக்கு சொல்லித் தருகிறவர், ஒரு பதில் கிடைத்தால் அதோடு விட்டுவிடுவார்.

சொன்னதால் வந்த நஷ்டம் எனக்குத் தெரியும். சொல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள விருப்பமும் இல்லை. ஆனால் இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் தங்கப்பன் முகம் என் தூக்கத்தைக் கெடுத்ததில்லை. உன் கடிதத்தில் அந்த ஆளைப் பற்றி எழுதிய வரியில் உன் எழுத்து மற்ற வரிகளைவிடச் சிறுத்திருக்கிறது. நீ கவனித்திருக்க மாட்டாய். எழுத்தைப் பார்த்தே பிழைத்தவள் நான்.

வேலை போன பிறகு நான் சும்மா இருக்கவில்லை. சில மாதம் கழித்து கேசவன் சார் ஒரு தகரக் குழலில் ட்ரேசிங் துணியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அவருக்குத் தெரிந்த தனியார் இன்ஜினியர் ஒருவரின் பாலம் வேலை. “உள்ளதைச் சொன்னதுக்கு நான் மன்னிப்புக் கேட்க மாட்டேன்,” என்றார், உட்காருவதற்கு முன்னாலேயே. “கேக்க வேண்டாம் சார்,” என்றேன். “நிங்கள் போஸ்டரில் கேட்டதும் தப்புதான். இந்தத் தாலுகா போகப்படாது.” “அது உங்க அபிப்பிராயம் சார்.” தலையாட்டினார். “இதில் எண் எழுத ஆளில்லை,” என்று துணியை விரித்தார். அதற்குப் பிறகு அவர் சாகும்வரை எனக்கு வேலை வந்துகொண்டே இருந்தது. நீ பிறந்தபோது தொட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தது டிராயிங் போர்டுதான்.

அண்ணன் வந்தது நீ மூன்றாம் வகுப்பு படிக்கும்போது. ஒரு மத்தியானம், முன்கூட்டி ஒரு சொல்லும் அனுப்பாமல், முற்றத்தில் நின்றார். தலை நரைத்திருந்தது. கையில் பள்ளிக்கூட நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாள், அதில் பேனாவால் கிறுக்கிய ஒரு வீடு.

“குழித்துறையில வீடு கெட்டப் போறேன்,” என்றார். “பிளான் வேணும்.”

“அங்கே வரையிறவங்க இல்லியா?”

“உண்டு.” தாளை என்னிடம் நீட்டி, “அவனுங்க எழுத்து ஒண்ணும் வாசிக்க முடியல்ல,” என்றார்.

போர்டை எடுத்தேன். அவர் பக்கத்தில் ஸ்டூலில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார். சுவர் போட்டேன், கதவு போட்டேன், ஜன்னல் போட்டேன். அறைப் பெயர்களைத் தமிழில் எழுத வேண்டும் என்றார். நாலு கோடு இழுத்து, முன்னறை, படுக்கை அறை, சமையலறை என்று எழுதிக்கொண்டு வந்தேன். கிழக்கே ஒரு சின்ன அறை இருந்தது.

“இது ஆருக்கு?”

“ஆராவது வந்தா தங்க.”

அப்படியானால் விருந்தினர் அறை என்று எழுதுகிறேன் என்று பேனாவை எடுத்தேன். அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

“அப்படி எழுதாண்டாம். நீ என்ன விருந்துக்காரியா?”

“பின்னே என்ன எழுத?”

“ஒண்ணும் எழுதாண்டாம். சும்மா விடு.”

பெயர் எழுதாத அறையோடு ஒரு பிளான் என் கையை விட்டுப் போனதில்லை. பஞ்சாயத்தில் கேட்பார்கள், கொத்தனார் கேட்பார் என்று சொன்னேன். “நான் பதில் சொல்லிக்கிடுவேன்,” என்றார். பென்சிலில் போட்டிருந்த நாலு கோட்டையும் ரப்பரால் அழித்தேன். மை காய்கிறவரை இருந்து, சாப்பிட்டுவிட்டு, தாளைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, “வாறேன்” என்று போனார்.

நாகர்கோவிலில் நீ டிப்ளமோ படித்த காலம் முழுக்க, மாமன் வீட்டில் படுத்துறங்கிய அறை அதுதான்.

மெஷின் ஷாப்பில் சொன்னதும் ஒரு வரி தகவல் அனுப்பு. தேங்காய் எண்ணெய் ஒரு டின் பார்சலில் வருகிறது.

உன் அம்மா